ஏசியை அணைக்கச் சொன்னவர்கள்

கார் ஓட்டத் தெரியாத மனிதர் கார் வாங்கப் போனால் என்ன ஆகும்? ஓட்டுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முன்பதிவு செய்துவிட்டு, ஏதோ சாதித்தவர் மாதிரி சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். கேக்கம்மாவின் கணவர் அப்படித்தான் வந்தார்.

கேக்கம்மா வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். பதினோரு வருடங்களாகத் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. சுடுவது அவள், அலங்கரிப்பது அவள், காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதும் அவள். கணவர் கணக்கு வாத்தியார். லைசென்ஸ் கிடையாது. முன்சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கச் சொல்வதுதான் அவருக்குத் தெரிந்த ஓட்டும் வித்தை.

"மச்சான்தான் எல்லாம் விசாரிச்சாரு. சின்ன இஞ்சின் லிட்டருக்கு இருபத்திநாலு குடுக்குமாம். பெரிய இஞ்சின் பதினெட்டுதான்" என்றார்.

மச்சான் என்றால் அவளுடைய சொந்த அண்ணன். குடும்பத்தில் அவருக்கு மைலேஜ் என்றுதான் பெயர். சிக்னலில் சிவப்பு விழுவதற்கு முன்பே இஞ்சினை அணைப்பார். இறக்கம் கண்டால் நியூட்ரலில் உருட்டுவார். யாராவது புதுக் கார் வாங்கினால் வாழ்த்துவதற்கு முன்னால் "எவ்ளோ குடுக்குது?" என்பார்.

"மேட்டு ஹாலுக்கு அது ஏறுமா?" என்று கேட்டாள்.

"ஏசியை ஆஃப் பண்ணிட்டா ஜம்முனு ஏறுமாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருகிற ஆர்டர்களில் பாதி மேட்டு ஹாலுக்குத்தான். குன்றின் உச்சியில் இருக்கிறது அந்த ஹால்; செங்குத்தான பாதை, நடுவில் இரண்டு கொண்டை ஊசித் திருப்பங்கள். போன கோடையில் பழைய கார் முக்குகிறதே என்று ஏசியை அணைத்துவிட்டு ஏறினாள். மேலே போய்ப் பெட்டியைத் திறந்தால் கிரீம் ரோஜாக்கள் எல்லாம் வழுக்கி இறங்கி அட்டையில் கிடந்தன. கல்யாணப் பெண்ணின் அம்மா முன்னால் அரைமணி நேரம் தலைகுனிந்து நின்றாள். வீட்டுக்கு வந்து அழுதபோது கணவர் சொன்ன ஆறுதல், "அந்த மேட்டுக்கு ஆர்டர் எடுக்காம இருந்துடேன்." அதை அவள் மறக்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

மறுநாள் காலையில் ஷோரூமுக்குப் போய் நின்றாள். விற்பனையாளர் படிவத்தை எடுத்துக் காட்டினார். 'வண்டியை முக்கியமாக ஓட்டுபவர்' என்ற இடத்தில் கணவர் பெயர் அழகாக எழுதியிருந்தது.

"இவருக்கு லைசென்ஸே இல்லையே" என்றாள்.

"அப்படியா மேடம்? சார்தான் ஓட்டுவாருன்னு நெனச்சு நாங்களே எழுதிட்டோம்."

"ஓட்டிப் பாக்காமலே பதிவு பண்ணிட்டாங்களா?"

"உங்க அண்ணன் சார் ஓட்டிப் பாத்தாரே. ரொம்ப திருப்தின்னாரு."

எங்கே ஓட்டினார் என்று விசாரித்தாள். ஷோரூமைச் சுற்றியுள்ள ரோட்டில், தனியாக, ஏசி இல்லாமல், காலை ஏழு மணிக்கு. அந்த ரோடு தோசைக்கல் மாதிரி சமமாக இருக்கும். அதில் தள்ளுவண்டிகூடத் திருப்தியாகத்தான் ஓடும்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு அதே வண்டியை என் வீட்டுக்குக் கொண்டு வாங்க. நான் ஓட்டிப் பாக்கணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மைலேஜுக்கு ஐம்பது வயது முடிகிறது. விருந்து மேட்டு ஹாலில். அண்ணி இரண்டடுக்குக் கேக் சொல்லியிருந்தாள், முழுக்கக் கிரீம், மேலே அவர் பெயர். புதுக் காரின் அருமையைத் தங்கைக்கு நேரில் விளக்க மைலேஜும் வந்துவிட்டார். டிக்கியின் மேல்தட்டைக் கழற்றினால் ஏசிக் காற்று பின்னால் வரை போகும். அவள் அதைக் கழற்றிவிட்டுப் பெட்டியை அலுங்காமல் வைத்தாள். முன்சீட்டில் அண்ணன், பின்னால் கணவரும் விற்பனையாளரும்.

கீழ்ரோட்டில் வண்டி சமர்த்தாகத்தான் போனது. "பாத்தியா, சத்தமே இல்ல" என்றார் மைலேஜ். மேடு தொடங்கியதும் சத்தம் வந்தது. முதல் திருப்பத்தில் இரண்டாவது கியர் இழுக்கவில்லை. முதல் கியருக்கு இறங்கினாள். இரண்டாவது திருப்பத்தில் எதிரே தண்ணீர் லாரி இறங்கி வர, நிறுத்த வேண்டியதாகிவிட்டது. லாரி போன பிறகு கிளச்சை விட்டால் வண்டி உதறிக்கொண்டு அணைந்தது. மறுபடி கிளப்பினாள். ஒரு முழம் பின்னால் உருண்டது. கிளச் கருகும் வாடை வந்தது. பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அவள் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தாள்.

"ஏசியை ஆஃப் பண்ணும்மா" என்றார் கணவர்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் மைலேஜ்.

"பண்ண மாட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காத. எல்லாரும் அப்படித்தான் ஏறுறாங்க" என்றார் மைலேஜ்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பின்னாடி இருக்கிறது உன் கேக்குண்ணா. நேத்து ராத்திரி முழுக்க நின்னு செஞ்சேன். கிரீம் வழிஞ்சா மேல போய் யார் பதில் சொல்றது? நீயா? இவரா? போன வருஷம் நான்தான் நின்னேன். ரெண்டு பேரும் எறங்குங்க."

"இந்த வெயில்லயா?" என்றார் கணவர்.

"கேக்குக்கு மட்டும் வெயில் இல்லையா?"

பின்னால் ஹாரன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் இறங்கினார்கள். விற்பனையாளரும் கதவில் கை வைத்தார். "நீங்க இருங்க. இது உங்க வண்டி, கூடவே வந்து பாருங்க" என்றாள். இரண்டு ஆள் பாரம் குறைந்ததே போதும் என்பது போல வண்டி முனகி, உதறி, முதல் கியரிலேயே ஏறியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஹாலில் பெட்டியைத் திறந்தாள். ஒரு ரோஜாகூட அசையவில்லை. அண்ணி அதைப் பார்த்து அசந்துபோய்க் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். இவ்வளவுதானே கேக்கம்மா கேட்டது?

விற்பனையாளர் கையோடு கொண்டு வந்திருந்த படிவத்தை அங்கேயே மேசையில் விரிக்கச் சொன்னாள். சின்ன இஞ்சினை அடித்துவிட்டுப் பெரியதை எழுதினாள். ஓட்டுபவர் என்ற இடத்தில் கணவர் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினாள்.

இருபது நிமிடம் கழித்து இரண்டு பேரும் சட்டை முதுகோடு ஒட்ட வந்து சேர்ந்தார்கள். மைலேஜ் மூச்சு வாங்கிக்கொண்டே கேக்கைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார்.

"எதுக்கு மாத்தின? அதான் ஏறிடுச்சே" என்றார்.

"ஏறுச்சுண்ணா. உங்க ரெண்டு பேரையும் எறக்கி விட்டதும் ஏறிடுச்சு" என்றாள் அவள், கத்தியை அவர் கையில் கொடுத்தபடி. "வெட்டு, எல்லாரும் காத்திருக்காங்க."