கறுப்புக் கோட்டின் இடது கை

கோட்டின் இடது கை தோளிலிருந்து கழன்று எவாரிஸ்தோவின் முழங்கையில் வந்து தொங்கியது. தையலை அறுத்தவன் அவனேதான். ஆனால் கழன்றிருக்க வேண்டியது தலைமை வடிவமைப்பாளர் டெலானியின் கோட்டு.

நியூயார்க்கில் ஃபேஷன் ஷோ நடந்தால், மேடைக்குப் பின்னால் ஓடுகிறவர்கள் எல்லோரும் கறுப்பில்தான் இருக்க வேண்டும். இந்த நிறுவனம் ஒருபடி மேலே போய் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோட்டு கொடுத்திருந்தது. காலையில் ஆளில்லாத நேரம் பார்த்து, பிளேடால் தோள் தையலை அறுத்து, பெயருக்கு ஒரு ஓட்டுத் தையல் போட்டு வைத்தான். ஷோ முடிந்ததும் டெலானி மேடைக்கு வருவாள், கையசைப்பாள், கோட்டுக் கை கழன்று விழும், காமிராக்கள் மின்னும். நினைக்க நினைக்க இனித்தது. அந்த இனிப்பில், அறுப்பது யார் கோட்டு என்று பார்க்க மறந்துவிட்டான். பழிவாங்கவும் பயிற்சி வேண்டும்போல. அவன் மெக்சிகோவின் குவாதலஹாராவிலிருந்து விமானம் ஏறியதோ வெறும் தையல் பயிற்சிக்கு.

வந்த புதிதில், முதுகில் பொத்தான்கள் சாய்வாக ஓடும் ஒரு கவுனை வரைந்து டெலானியிடம் காட்டினான். "பாக்கலாம், கண்ணா" என்றாள். போன வாரம் அந்தக் கவுன் தைத்து முடிந்து பொம்மைமேல் நின்றது. கீழே ஒட்டிய சீட்டில், 'வடிவமைப்பு: டெலானி கிராஃப்ட்'. "இது என்னோடதுதானே?" என்று கேட்ட போதெல்லாம் ஒரே பதில்: "நாமெல்லாம் ஒரே குடும்பம். போய் காபி வாங்கிட்டு வா."

இப்போது, வெளியே ஷோ நடந்துகொண்டிருக்க, டெலானி அவன் தோளில் அறுந்த நூலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பிளேடு. யாருக்குடா வச்ச வெடி இது?"

"உங்களுக்குத்தான்."

"சொந்தக் கோட்டையே அறுத்தியா? உன்ன மாதிரி ஒரு எதிரி இருந்தா எனக்குக் காவலே வேண்டாம். வாயத் தொற."

ஒரு துண்டு நூலை அவன் பல்லிடுக்கில் வைத்தாள். உடம்பில் கிடக்கும் துணியைத் தைக்கும்போது நூலை மெல்லாவிட்டால் மூளையும் சேர்ந்து தைபட்டுவிடும் என்பது அந்த ஊர்த் தையல்காரர்களின் நம்பிக்கை. டெலானி ஊசியை ஓட்டினாள். இரண்டு முறை தோளில் குத்தியது.

"ஐயோ, பட்டுருச்சா?" என்றாள், வருத்தமே இல்லாமல்.

அந்தக் கவுனில் திறந்த முதுகோடு நின்ற மாடல் ஓடில் கத்தினாள்: "அடுத்து நான்தான்! யாராவது பொத்தான் போடுங்கப்பா!"

"போ, போட்டு விடு. எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு உனக்குத்தான் தெரியும்" என்றாள் டெலானி.

எவாரிஸ்தோ நூலைத் துப்பினான். குளிரில் நடுங்கிய ஓடிலைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கைகளைக் கட்டிக்கொண்டான். புதிதாகத் தைத்த கை இறுகப் பிடித்தது.

"மாட்டேன். அது யார் கவுன்? சொல்லுங்க, போடுறேன்."

"விளையாடாத."

"முதுகு தெரிய நடக்கட்டும். கீழே பேரு உங்களோடதுதானே?"

வெளியே இசை மாறியது. டெலானி ஊசியைத் தன் காலரில் குத்திக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"உன்னோடதுதான். இந்த வருஷம் எனக்கு ஒரு கோடுகூட வரைய வரல. உன் பேரப் போட்டிருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அதான் திருடினேன். இன்னொண்ணு வரஞ்சு காட்டினா அதையும் திருடுவேன்."