மூட்டையின் மறுமுனை

நெருப்பெரிச்சல் ஊரைத் தாண்டி, பனியன் கம்பெனிகள் முடிகிற இடத்தில், புறம்போக்கில் ஒரு பாறை கிடக்கிறது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். பின்பக்கம் சரிவு, ஆடுகள்கூட ஏறி நின்று வேடிக்கை பார்க்கும். முன்பக்கம் தொந்தியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கமாகத்தான் ஏறுவேன் என்று பல வருஷமாக நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

இந்தக் கிறுக்கை எனக்கு ஒட்டவைத்தவள் சத்யப்பிரியா. எங்கள் கம்பெனியில் அவள் சாம்பிள் டெய்லர், நான் செக்கிங் சூப்பர்வைசர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு வீடியோ காட்டினாள். கீழே மெத்தையைப் போட்டுவிட்டு, கயிறு கியிறு எதுவும் இல்லாமல் ஒரு பெண் பாறையில் ஏறிக்கொண்டிருந்தாள். போல்டரிங் என்று பெயராம்.

"ஏனுங்கக்கா, நம்மூர்ல இல்லாத பாறைங்களா? நாமளும் ஏறலாமுங்க," என்றாள்.

மெத்தைக்கு எங்கே போவது? பெரிய சாக்கில் கட்டிங் வேஸ்ட் துணியைத் திணித்துத் தைத்துவிட்டாள். ஞாயிறு காலை துணி துவைப்பதிலேயே போய்விடும் என்பதால் மத்தியானம்தான் கிளம்புவோம். ஸ்கூட்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, மூட்டைக்கு ஒரு முனை அவள், மறுமுனை நான் என்று முள்ளுக்காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போவோம். வியர்வையில் கை வழுக்காமலிருக்க வீடியோக்காரி ஏதோ வெள்ளைப் பொடி பூசிக்கொண்டாள். அதற்கும் சத்யா வழி வைத்திருந்தாள். துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை நுணுக்கி டப்பாவில் கொண்டுவந்தாள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு விளிம்பு உண்டு. விரல் நுனி மட்டும்தான் பதியும். அதற்கு உதடு என்று பெயர் வைத்தோம். உதட்டைப் பிடித்து நின்றுவிட்டால் போதும், மேலே போய்விடலாம். ஆனால் பிடித்ததுமே கை வழுக்கும், மூட்டையில் வந்து விழுவோம். ஒருத்தி ஏறும்போது மற்றவள் கீழே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், விழுகிறவளின் தலை தரையில் மோதாமல் தாங்க. "உடுங்கக்கா, நான் இருக்கறன்," என்பாள் சத்யா. அதைக் கேட்பதற்காகவே நான் கையை விட்ட நாளும் உண்டு.

கடைசியில் அவள் சலித்துப்போனாள்.

"எனக்குக் கையில பலமில்லீங்கக்கா. என்னால ஆவாதுங்க."

"பாறை சரியில்ல கண்ணு," என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சிரித்தாள். அந்தத் தை மாதமே கல்யாணமாகிக் கொமரலிங்கத்துக்குப் போய்விட்டாள். தென்னந்தோப்பு, மாடு, அப்புறம் குழந்தை. முதலில் தினமும் போன் வந்தது. பிறகு நோன்பு, பண்டிகைக்கு மட்டும் வந்தது.

நான் விடவில்லை. நல்லூரில் என் வீட்டில் நான் ஒருத்திதான்; ஞாயிற்றுக்கிழமை அங்கே லேசில் தீராது. அந்த உச்சியில் நின்று சத்யாவுக்குப் போன் போட வேண்டும், நம்மால் முடியும் என்று சொல்ல வேண்டும். இந்த ஓர் ஆசையைத்தான் வாரம் முழுக்கச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

போன மாதம் அயர்ன் டேபிளில் ஒரு டீ-ஷர்ட்டின் மேல் சாக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அயர்ன் போடுகிற பழனிமுத்துவைக் கடித்துக் குதறினேன்.

"ஏன் மேடம் கெடந்து சத்தம் போடுதிய?" என்று பெட்டியை ஓர் இழுப்பு இழுத்தான். கோட்டைக் காணோம்.

மெழுகு சாக். சூடு பட்டால் உருகி மறைந்துவிடும். கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவர்கள்வரை தெரிந்த சங்கதி, எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அந்தச் சாக்கைத்தான் நுணுக்கிக் கையில் பூசிக்கொண்டு ஏறுகிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மத்தியான வெயிலில் கொதிக்கிற பாறைக்கு, வருஷக்கணக்காக நாங்களே மெழுகு பூசியிருக்கிறோம். சொந்தச் செலவில் சூனியம்! சத்யாவின் கைக்கு ஒரு குறையும் இல்லை. கூடம் நிஜமாகவே கோணலாக இருந்திருக்கிறது.

அந்த ஞாயிறு ஆடு போகிற வழியில் ஏறி, உச்சியில் குப்புறப் படுத்து, பிளாஸ்க் வெந்நீரை ஊற்றி உதட்டைத் தேய்தேயென்று தேய்த்தேன். அடுத்த ஞாயிறு துணியை ஊறப்போட்டுவிட்டு, வெயிலுக்கு முன்னால் போனேன். மண்ணில் கையைத் தேய்த்துக்கொண்டு ஏறினேன். உதட்டில் விரல் பதிந்தது. வழக்கம்போல விழத் தயாராகி உடம்பு தானாகவே தளர்ந்தது. விரல் நழுவவில்லை. எனக்கே நம்பிக்கை வராமல் ஒரு கணம் தொங்கினேன். பிறகு முழங்கையை ஊன்றி, நெஞ்சைச் சிராய்த்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. கீழே எட்டிப் பார்த்தேன். மூட்டை மட்டும் கிடந்தது. போனை எடுத்தேன்.

"சத்யா, ஏறிட்டன் கண்ணு!"

"எதுலீங்கக்கா?"

"பாறையில."

"எந்தப் பாறைங்க?"

அவள் பக்கம் குழந்தை ஏதோ கேட்டு அடம் பிடித்தது.

"நம்ம பாறை. உதடு."

"அட, அதுங்களா! இன்னுமாங்கக்கா அங்க போயிட்டிருக்கறீங்க?" என்று சிரித்தாள். குத்தல் ஒன்றுமில்லாத, பழைய சிரிப்புதான். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அந்த மெழுகு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். உன் கையில் பலம் இருந்தது கண்ணு என்று சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குள் அவளே, "ஒத்தையில எல்லாம் போகாதீங்கக்கா. உழுந்து கிழுந்து வெச்சா ஆரு பாக்கறது? ஆரையாச்சும் கூடக் கூட்டீட்டுப் போங்க," என்றாள்.

"செரி கண்ணு," என்றேன். குழந்தை அழத் தொடங்கியது. அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

பின்பக்கச் சரிவு வழியாக இறங்கி வந்தேன். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. வீட்டில் துணி ஊறிக் கிடக்கும். மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தேன். மறுமுனை தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது.