பெட்டி வைத்த சட்டை

கணிப்பொறி போட்ட கணக்கை ஸ்யாமளா மேடம் ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"ஏம்மா ஸ்ரீஜா, இது வீடா, ரேடியோ ஸ்டேஷனா?"

மேடம் பேராசிரியர்; ஸ்ரீஜா அவரிடம் ஆராய்ச்சி செய்கிற பெண். விளாங்குடியில் ஒரு மழலையர் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சட்டை கொடுத்திருந்தாள். நெஞ்சுப் பையில் தீப்பெட்டி அளவுக்கு ஒலிப்பதிவுப் பெட்டி. லீவு நாளில் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் திரிய வேண்டும். பெரியவர்கள் பிள்ளையிடம் எவ்வளவு பேசுகிறார்கள், பிள்ளை எவ்வளவு பதில் பேசுகிறது என்று கணிப்பொறி எண்ணிவிடும். என்ன பேசினார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்கக் கூடாது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு அது.

மற்ற வீடுகளில் பேச்சு சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்திருந்தது. பாண்டிமீனா என்கிற நாலு வயசுப் பிள்ளையின் வீட்டில் மட்டும் குழாய் உடைந்த மாதிரி கொட்டியிருந்தது. அந்தத் தாய் தகப்பனைச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் பேச வைக்க வேண்டும், மற்றவர்களும் கற்றுக்கொள்ளட்டும் என்றார் மேடம். நேரில் போய் அழைத்துவிட்டு வா என்று ஸ்ரீஜாவை அனுப்பினார்.

அப்பா ராம்கி பெயின்ட் கடை வைத்திருப்பவன். ஸ்ரீஜா போனபோது பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா தாமரைச்செல்வி அடுப்படி வாசலில் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவே கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம்.

"மீனா, டீச்சர் வந்திருக்காங்க. ஒங்கப்பாவைச் சட்டை போட்டுட்டு வரச் சொல்லு."

"அப்பா, சட்டை போடணுமாம்."

"சட்டை எங்கன்னு கேளு."

"அம்மா, சட்டை எங்க?"

"வச்ச எடத்துல இருக்குன்னு சொல்லு. காபி ஆறுதுன்னும் சொல்லு."

"ஆறட்டும்னு சொல்லு."

"ஆறட்டுமாம்மா. ஆனா குடிச்சுருவாராம்."

பின்பாதியை ராம்கி சொல்லவில்லை. ஆனாலும் குடித்தான்.

ஸ்ரீஜாவுக்கு முதலில் புல்லரித்தது. கேஸ் புக் பண்ணியாச்சா, வண்டிச் சாவி எங்கே, தண்ணீர் லாரி வந்ததா, எல்லாவற்றையும் பிள்ளையிடமே கேட்டுப் பிள்ளையிடமே சொல்கிறார்களே என்று பூரித்துப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஏதோ உறுத்தியது. மீனாவைப் பக்கத்தில் இழுத்து, அப்பாவும் அம்மாவும் நேராகப் பேசிக்கொள்ள மாட்டார்களா என்று மெதுவாகக் கேட்டாள்.

"காதுகுத்துல பேசுனாங்க," என்றாள் மீனா. "சத்தமா."

விஷயம் இதுதான். எழுமலையில் தாமரைச்செல்வியின் அண்ணன் உக்கிரபாண்டி மகளுக்குக் காது குத்தினான். கிடா வெட்டி விருந்து. பந்தியில் உட்கார்ந்த ராம்கி, கறிக்குழம்பைக் கையில் வழித்துப் பார்த்து, "மச்சான், ரசத்தை இப்பவே ஊத்திட்டீங்க, கொழம்பு எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டான். பந்தியே சிரித்தது. அண்ணன் முகம் சுண்டிவிட்டது. அண்ணனுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை தணிந்து பேசுகிறவரைக்கும் இந்த மனுசனோடு பேச்சில்லை என்று தாமரைச்செல்வி அன்றைக்கு வாயை மூடினாள். நான் உண்மையைத்தானே சொன்னேன் என்று அவனும் மூடிக்கொண்டான்.

இப்போது அதே எழுமலையில் முத்தாலம்மன் திருவிழா வருகிறது. அவன் இறங்கி வராவிட்டால், அவள் பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுத் தெருவில் நடக்க வேண்டும். வாசலுக்கு வாசல் "மாப்ள வரலையா?" என்று கேட்பார்கள். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்படியில் ஸ்ரீஜாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படியானால் கூட்டத்துக்கு வர வேண்டாம், மேடத்திடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்றாள் ஸ்ரீஜா.

"அதெப்படி? எங்க குடும்பத்துக்கு இதுவரைக்கும் யாரும் மொத மார்க் போட்டதில்ல. நான் வாரேன்."

"நானும் வாரேன்னு சொல்லு மீனா," என்றது பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

சனிக்கிழமை மூவரும் மேடையேறினார்கள். மேடம் பாராட்டிப் பேசி முடிப்பதற்குள் மீனா இறங்கிச் சறுக்கு மரத்துக்கு ஓடிவிட்டாள். பேசி முடித்த கையோடு மேடமும் வேறு வேலையாகக் கிளம்பிவிட்டார். முன்வரிசையிலிருந்த ஆட்டோக்காரர் ஆண்டிச்சாமி எழுந்து, "அண்ணே, வீட்ல அம்புட்டு நேரம் என்னதாண்ணே பேசுவீங்க?" என்று கேட்டார்.

மைக் தாமரைச்செல்வி கையில் இருந்தது. பழக்கத்தில் கீழே குனிந்து மீனாவைத் தேடினாள். அங்கே வெறும் நாற்காலிதான். கூட்டம் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் மைக்கைப் புருசன் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க."

ராம்கி மைக்கை வாங்கி அவளையே பார்த்தான். பொய் சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்திருப்பான் போல. வந்தது வேறு.

"நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லைங்க. அதான் புள்ளைட்ட அம்புட்டுப் பேச்சு."

கூட்டம் சிரித்தது. ஆண்டிச்சாமி உட்காரவில்லை. "எதுக்குண்ணே?"

"இவ அண்ணன் வீட்டு விசேசத்துல, கொழம்பு ரசமா இருக்குன்னு பந்தியில வச்சுச் சொல்லிட்டேன்."

பெண்கள் பக்கம் உச்சுக் கொட்டினார்கள். ராம்கி தலையைச் சொறிந்தான். பிறகு கூட்டத்தை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"சொல்லியிருக்கக் கூடாது தாமரை. மச்சானுக்கு இன்னைக்கே போன் போடுறேன்."

தாமரைச்செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உப்பும் கம்மிதான்," என்றாள். மைக் அதையும் எல்லாருக்கும் சொல்லிவிட்டது.

அடுத்த லீவு நாளில் மீனா மறுபடி பெட்டிச் சட்டை போட்டாள். வந்த கணக்கைப் பார்த்து மேடம் பதறிப்போனார். பாதிக்கும் கீழே விழுந்திருந்தது.

"இந்த வீட்டுக்கு என்னம்மா ஆச்சு?"

"சமாதானமாயிட்டாங்க மேடம்."

ஸ்ரீஜா அன்று சாயங்காலமே ராம்கிக்குப் போன் செய்தாள். தூது அனுப்ப வேலை இல்லை என்றாலும் பிள்ளையோடு பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். என்னத்தைப் பேசுறது டீச்சர் என்றான் அவன். பிள்ளையைப் பற்றியே கேளுங்கள் என்றாள்.

திருவிழாவுக்கு மூவரும் பஸ்ஸில் போனார்கள். செக்கானூரணி தாண்டியதும் தாமரைச்செல்வி ராம்கி தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மடியில் இருந்த மீனாவிடம் அவன் குனிந்தான்.

"நேத்து ஸ்கூல்ல என்ன பண்ணுன மீனா?"

மீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேலை வந்துவிட்டது. தூங்குகிற அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இத யார்ட்டப்பா சொல்லணும்?"

"யார்ட்டயும் சொல்ல வேணாம். எனக்குத்தான்."

அவளுக்கு நம்பிக்கை வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஆரம்பித்தவள் உசிலம்பட்டி வந்தும் நிறுத்தவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.