வெளி பெஞ்சில் ஐந்து நாள்

குடும்ப மருத்துவம் பயில்வதற்காக வர்ஷா என்ற இளம் டாக்டரை ஒரு மாதத்துக்கு என் பட்டாபிராம் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். எனக்கு எரிச்சல். ஒரு மாலைக்கு எண்பது பேர் வரும் இடத்தில் பாடம் நடத்த ஏது நேரம்? "முதல் வாரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பாரும்மா" என்று தட்டிக் கழித்தேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், ஒரு நோட்டோடு போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே டோக்கன் கொடுப்பவர் கலியமூர்த்தி. பத்தொன்பது வருஷமாக என்னிடம் இருக்கிறார். டோக்கன் இல்லாவிட்டால் என் மாமியாரைக்கூட உள்ளே விடமாட்டார். சட்டம் நான் போட்டதுதான். என்னைவிடக் கறாராகக் காப்பாற்றுபவர் அவர்.

வெள்ளிக்கிழமை, மூன்றாவது நோயாளி எதிரே இருக்கும்போதே வர்ஷா கதவைத் திறந்தாள். முறைத்தேன்.

"மேடம், கலியமூர்த்தி அண்ணனுக்கு உடனே ஈசிஜி எடுக்கணும்."

"அவருக்கென்ன? கல்லு மாதிரி இருக்கார்."

"திங்கட்கிழமை ஷட்டரை ஒரே மூச்சுல தூக்கினார். புதன்கிழமை நடுவுல நின்னார். இன்னிக்கு ரெண்டு தடவை நின்னு, தாடையைத் தேய்ச்சுக்கிட்டார். இப்ப உட்கார்ந்த இடத்துலயே வேர்க்குது."

நோட்டை நீட்டினாள். எல்லாம் மணிக் கணக்கோடு எழுதியிருந்தது.

கலியமூர்த்தி, "ஒண்ணும் இல்லம்மா, வயித்துல கேஸுதான்" என்று சிரித்தார். விடாமல் படுக்கவைத்து ஈசிஜி எடுத்துப் பார்த்தேன். மாரடைப்பு தொடங்கியிருந்தது. மாத்திரை கொடுத்து, நூற்றெட்டை அழைத்து, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றே அடைப்பை நீக்கினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஆள் இல்லை என்றார்கள்.

எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. தினமும் எனக்கு வணக்கம் சொல்கிற மனிதர். நான் அவர் முகத்தை எப்போது பார்த்தேன் என்றே ஞாபகமில்லை. இந்தப் பெண்ணுக்கு ஸ்டெதாஸ்கோப்கூடத் தேவைப்படவில்லை. உட்கார்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். வயதில் சின்னவள் என்று பாராமல் கும்பிடத் தோன்றியது.

மூன்றாம் நாள் இருவரும் அவரைப் பார்க்கப் போனோம்.

"எத்தனை நாளா வலி இருந்தது?" என்று கேட்டேன்.

"ஒரு மாசமா கீதும்மா."

"பத்தடி தள்ளித்தானே நான் உட்கார்ந்திருக்கேன். என்கிட்ட ஏன் சொல்லல?"

கலியமூர்த்தி சங்கடத்தோடு என்னைப் பார்த்தார்.

"எண்பது பேரு காத்துகினு கீறாங்க. எனக்கு நானே டோக்கன் போட்டுக்கினா நல்லாவா இருக்கும்?"