முகூர்த்தம் முடியட்டும்

"உங்க கணையத்துல கட்டி. ரத்தக்குழாயோட ஒட்டிக்கிட்டிருக்கு, இப்ப கத்தி வைக்க முடியாது. முதல்ல கீமோ கொடுத்துச் சுருக்கிட்டு, அப்புறம் ஆபரேஷன்" என்றார் டாக்டர், விசாலாக்ஷியிடம். வீடே அழுதது. அவள் ஓரகத்தி சீதா மட்டும், "அதான் சரி மன்னி, அவசரமே வேண்டாம்" என்றாள். இவளுக்குத்தான் எவ்வளவு தைரியம் என்று நினைத்துக்கொண்டாள் விசாலாக்ஷி.

மருந்து ஏற ஏற, காபி வாசனையே குமட்டியது. வாயில் எந்நேரமும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற ருசி. கணவர் ஜெயராம் பூசிக்கொள்ளும் விபூதி வாசனைகூடப் பிடிக்கவில்லை. ஆபரேஷன் என்று ஒன்று இருக்கிறதே என்று பொறுத்துக்கொண்டாள்.

மார்கழிக் கடைசியில் எடுத்த ஸ்கேனில் கட்டி குழாயை விட்டு விலகியிருந்தது. வருகிற வியாழக்கிழமையே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே மைத்துனன் கிச்சாவும் சீதாவும் தி. நகரிலிருந்து மயிலாப்பூருக்கு வந்துவிட்டார்கள், டப்பா நிறையத் தேங்காய் பர்பியோடு.

"சுருங்கிடுத்தாமே. இன்னும் ஒரு சுத்து மருந்து ஏத்தினா இன்னும் சுருங்காதோ மன்னி?"

"டாக்டர் போதும்னுட்டாரே, சீதா."

கிச்சா தொண்டையைச் செருமினான். "பெரிய ஆபரேஷன் மன்னி. தை போகட்டுமே."

"தையில என்ன?"

"அச்யுத் கல்யாணம்."

"எனக்குத் தெரியாதா? உன் பிள்ளைக்கு நான் பார்த்த பொண்ணுதானேடா."

"அதான். பகவான் புண்ணியத்துல ஒண்ணும் ஆகாது. ஆனா ஏதாவது ஆயிடுத்துன்னா எங்களுக்கும் பத்து நாள் தீட்டு. மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு."

"தப்பா எடுத்துக்காதேங்கோ மன்னி. முகூர்த்தம் முடியற வரைக்கும் மருந்துலயே இருந்தேள்னா எல்லாருக்கும் நிம்மதி" என்றாள் சீதா.

அந்த 'அவசரமே வேண்டாம்' இப்போது புரிந்தது. விசாலாக்ஷி கணவரைப் பார்த்தாள்.

"நீங்க என்ன சொல்றேள்?"

ஜெயராம் ஒரு பர்பியை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு மாசந்தானே, விசாலி."

"விலகினது அதுக்குள்ள மறுபடி ஒட்டிண்டா?"

"ஒட்டாதுன்னு நினைச்சுப்போம்."

அவர் உதட்டோரத்தில் தேங்காய்த் துருவல் ஒட்டிக்கொண்டிருந்தது. பேசும்போது அது ஏறி இறங்கியது. விசாலாக்ஷி எழுந்து போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள்.

"பாவம், மருந்து இந்தப் பாடு படுத்தறது" என்று சீதாவின் குரல் பின்னால் கேட்டது.

"மருந்து இல்லேடி."

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து போனை எடுத்தாள்.

"டாக்டர், விசாலாக்ஷி பேசறேன். வியாழக்கிழமைக்கே வெச்சுக்கலாம், வந்துடறேன். கூட யாரா? யார் வந்தா என்ன டாக்டர், அறுக்கப்போறது என் வயித்தைத்தானே?"

போனை வைத்தாள்.

"கிச்சா, போறச்சே அந்த டப்பாவை எடுத்துண்டு போயிடு. நாத்தம் தாங்கலை."