கன்னத்துக்குள் ஒரு சதுரம்

மண்வெட்டி விளிம்பில் ஒட்டிய களிமண்ணை வழித்து எறியப் போனபோதுதான் அது விரலில் தட்டுப்பட்டது. ஜெனிவால்டோ நிமிரவில்லை. குனிந்தபடியே, பள்ளத்தில் கசிந்து நின்ற கடல் தண்ணீரில் அலசினான். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சதுரத் தகடு. அத்தனை சேற்றிலும் மஞ்சள் மங்கவில்லை. நாற்பத்தாறு வயதில் மாலைப் பள்ளிக்குப் போய் எழுத்துக் கற்றவன் அவன். இன்னமும் உதடு அசையாமல் படிக்க வராது. ஒவ்வொன்றாகக் கூட்டினான். பிரேசில். அதன் கீழே 1646.

மேலே செருப்புச் சத்தம். யோசிப்பதற்குள் கை அதை வாயில் போட்டுவிட்டது.

"என்னண்ணே, மண்ணையே தின்ன ஆரம்பிச்சிட்டியா?" என்றான் கூடத் தோண்டும் அடெயில்டோ.

"பல்லுவலிடா" என்றான் ஜெனிவால்டோ. சொல் கொழகொழவென்று வந்தது.

மேலே வந்தது டாக்டர் மார்லூசி, தொல்லியல் படித்தவள். பிரேசிலின் ரெசிஃபெ நகரத்துப் பழைய துறைமுகத் தெருவில் சாக்கடைக் குழாய் பதிப்பதென்றால், பழம்பொருள் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பள்ளத்தின் கரையில் சல்லடையோடு அவள் இருந்தாள். வேலை தொடங்கிய வாரமே எல்லாரையும் உட்கார வைத்துக் கதை சொன்னாள். ஏறக்குறைய நானூறு வருடத்துக்கு முன் டச்சுக்காரர்கள் இந்த ஊருக்குள் முற்றுகையில் மாட்டிக்கொண்டார்கள். பூனை தீர்ந்தது, எலியும் தீர்ந்தது. சம்பளம் கேட்டுச் சிப்பாய்கள் உறுமினார்கள். அதிகாரிகள் ஆப்பிரிக்காவின் கினியிலிருந்து வந்த தங்கத்தைச் சதுரமாக வெட்டி, முத்திரை குத்திக் கையில் கொடுத்தார்கள். போனில் படம் காட்டினாள். உலகத்தில் மிஞ்சியவை கொஞ்சமே என்றாள்.

"பசிச்சவன் அதை வச்சு என்னத்த வாங்குவான், டாக்டரம்மா?" என்று அன்று அடெயில்டோ கேட்டான்.

"அதுதான் எனக்கும் புரியல" என்று அவள் சிரித்தாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சல்லடையில் எதுவும் சிக்கிவிடக் கூடாது என்பதுதான் எல்லாருடைய வேண்டுதலும். போன வருடம் அடுத்த தெருவில் நாலு எலும்பு கிடைத்தது. மறுநாளே பலகை தொங்கியது, வேலை நின்றது. நாற்பத்து மூன்று நாள். தினக்கூலிக்காரனை யாரும் கூப்பிடவில்லை. அடெயில்டோ மோட்டார் சைக்கிளை விற்றான். இந்த மாதம் அவன் மனைவிக்குப் பிரசவம். "பானை ஓடு கண்ணுல பட்டாலும் மிதிச்சு உள்ள தள்ளிரு, அண்ணே. குழந்தை பொறக்குற வரைக்கும்" என்று காலையில்கூடச் சொன்னான்.

துப்பிவிட்டால் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு கான்கிரீட் லாரி வரும், எல்லாம் மூடிக்கொள்ளும். விற்கலாமா என்றும் ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. இவன் மாதிரி ஆள் தங்கத்தோடு கடையேறினால் பின்னாலேயே போலீஸ் வரும். ஆனாலும் துப்ப மனம் வரவில்லை. இத்தனை வருடமாக இந்த ஊர் மண்ணைத் தோண்டுகிறான். அது ஒரு சொல்லைக் காட்டியது இன்றைக்குத்தான். அதையும் அவனால் படிக்க முடிந்தது.

மத்தியானம் சுடவைத்த தூக்குகள் வந்தன. பீன்ஸ், மரவள்ளி மாவு, ஓரத்தில் உப்புக்கண்டம். வாசனையில் எச்சில் ஊறி, தகட்டைச் சுற்றி நிறைந்தது. விழுங்கப் பயமாக இருந்தது. கூரான மூலை கன்னத்தின் உள்பக்கத்தைக் கீறி, ரத்தம் உப்புக் கரித்தது. தூக்கைத் தள்ளி வைத்தான்.

அடெயில்டோ மெல்லுவதை நிறுத்தினான். தூக்கைப் பார்த்தான், பிறகு கன்னத்தை. அந்தப் பார்வை அங்கேயே நின்றது.

"அண்ணே," குரல் இறங்கிவிட்டது. "அது பல்லுதானே?"

ஜெனிவால்டோ தலையாட்டினான். ஆமாம் என்றா இல்லை என்றா, அவனுக்கே தெரியவில்லை.

"பல்லுன்னே சொல்லு, அண்ணே. உன் கால்ல வேணா விழுறேன்."

தெருமுனையில் லாரி பின்பக்கமாக வரும் கூவல் கேட்டது. "இறங்குங்கடா, தண்ணி ஏறுறதுக்குள்ள ஊத்தணும்" என்று மேஸ்திரி கத்தினார். அடெயில்டோ முந்திக்கொண்டு இறங்கினான். ஜெனிவால்டோ ஏணியில் கால் வைத்தான். கீழே கடல் ஓதம் ஏறி, தண்ணீர் கணுக்கால் ஆழத்துக்கு வந்திருந்தது. காலையில் அவன் குனிந்து நின்ற இடம் மூழ்கிவிட்டது.

"ஜெனிவால்டோ, நில்லுங்க."

மார்லூசி கரையில் மண்டியிட்டிருந்தாள். "காலையிலேருந்து பாக்குறேன், ஒரு வாய் சாப்பிடல நீங்க. இந்தாங்க, கிராம்பு. வலிக்கிற இடத்துல வச்சுக் கடிங்க. எங்க, வாயைத் திறங்க, எந்தப் பல்லுன்னு பாக்கலாம்."

பாதி ஏணியில் நின்றான். காலுக்குக் கீழே, தண்ணீருக்குள் நின்றபடி அடெயில்டோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கையில் இன்னும் ஸ்பூன் இருந்தது. லாரியின் கான்கிரீட் கொட்டும் சரிவுக் குழாய் பள்ளத்தின் மேல் மெல்லத் திரும்பியது. ஜெனிவால்டோவின் நாக்கு தகட்டைத் தடவி, கன்னத்திலிருந்து மெதுவாக உதட்டு விளிம்புக்குக் கொண்டுவந்தது. அவன் முகத்துக்கு நேரே மார்லூசியின் மண் படிந்த உள்ளங்கை விரிந்திருந்தது. அதன் நடுவில் கறுப்பாக ஒரே ஒரு கிராம்பு.