நூற்றுக்கு நூற்றேழு

துணைத் தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போகும்போது நல்ல மனிதராகத்தான் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு மடிக்கணினியும், அதற்குள் ஒரு கலர் அட்டவணையும், கண்ணில் ஒரு வெளிச்சமும் இருந்தன. அந்த வெளிச்சத்தைக் கணக்கு டீச்சர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். இப்படித் திரும்பி வந்தவர்களை அவர் தன் சர்வீஸில் நிறையப் பார்த்தவர். ஒருவர் பெஞ்சுகளையெல்லாம் வட்டமாகப் போடச் சொன்னார். இன்னொருவர், சிவப்பு மையில் திருத்தினால் பிள்ளைகள் மனம் புண்படும் என்று ஆளுக்கொரு பச்சைப் பேனா வாங்கிக் கொடுத்தார். எல்லாம் ஒரு பருவத்துக்குள் வடிந்துவிடும். இதுவும் வடியும் என்று டீச்சர் நினைத்தார். வடியவில்லை.

திட்டம் என்னவோ எளிமையானதுதான். ஒவ்வொரு பிள்ளையும் போன தேர்வில் வாங்கிய மார்க்கைவிடப் பத்து சதவீதம் அதிகம் வாங்க வேண்டும். அதுதான் அதன் இலக்கு. எட்டினால் அட்டவணையில் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. சிவப்புப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் ஸ்பெஷல் கிளாஸில் உட்கார வேண்டும். அட்டவணையைக் கலரில் அச்செடுத்து, ஆசிரியர் அறைக்கு எதிர்ச்சுவரில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி ஒட்டிவிடுவார்கள். ஒரு வாரத்துக்குள் பிள்ளைகள் துணைத் தலைமையாசிரியருக்கு ‘பத்து பர்சன்ட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேறு எந்த அர்த்தத்திலும் இல்லை, மனிதர் கை சுத்தம். கை மட்டும்தானா, மூளையும் சுத்தமாகத் துடைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்பது கணக்கு டீச்சரின் கருத்து.

ஸ்பெஷல் கிளாஸ் பொறுப்பு அவர் தலையில்தான் விழுந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இலக்குக் கணக்கு ஆரம்பிக்கும் முன் முதல் கூட்டமாகக் கணக்கில் கடைசியில் இருந்தவர்களைத்தான் சேர்த்திருந்தார்கள், அவர்களில் கோல்கீப்பரும் ஒருத்தி.

கோல்கீப்பர் ஒன்பதாம் வகுப்பை இரண்டாவது தடவையாகப் படிக்கிறாள். பள்ளிக் கால்பந்து அணியில் அவள் நின்றால் கோல் விழாது, கணக்குத் தேர்வில் அவள் உட்கார்ந்தால் மார்க் விழாது. நூற்றுக்குப் பதினொன்று. அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. இந்த வருஷமும் பெயில் என்றால் பெண்ணையும் அங்கேயே சேர்த்துவிடுவது என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். சூப்பர்வைசரிடம் சொல்லியும் வைத்தாயிற்று. கோபத்தில் செய்ததில்லை. மூன்றாவது வருஷமும் ஒரே வகுப்புக்குச் சீருடை தைக்க எந்த அம்மாவுக்குத்தான் மனசு வரும். பாஸாக முப்பத்தைந்து வேண்டும். மற்ற பாடங்களில் அவள் எப்படியோ தட்டுத் தடுமாறிக் கரையேறிவிடுவாள், கணக்கு ஒன்றுதான் காலை வாரியது.

அவளுக்குக் கணக்கு வராது என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் டீச்சருக்கு விஷயம் பிடிபட்டது. அவளுக்குப் பின்னம் புரிந்ததே இல்லை. பின்னம் சொல்லிக்கொடுத்த வருஷம் மஞ்சள் காமாலையில் வீட்டில் படுத்திருந்தாளாம். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அஸ்திவாரம் இல்லாத மாடி. டீச்சர் வெட்கம் பார்க்காமல் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். அவளும் வெட்கம் பார்க்கவில்லை. அடுத்த தேர்வில் பத்தொன்பது வாங்கினாள்.

அட்டவணை அவளைப் பார்த்துப் பல்லை இளித்தது. இலக்கு பன்னிரண்டு சொச்சம், வாங்கியது பத்தொன்பது. பச்சை, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு. அன்றைக்கு மாலை ஸ்பெஷல் கிளாஸுக்கு வந்தவளைப் பத்து பர்சன்ட் வாசலிலேயே நிறுத்தி, கை கொடுத்து வாழ்த்தி, உனக்கு இனி உதவி தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அவள் போன கையோடு புதுக் கூட்டம் ஒன்று உள்ளே வந்தது. டீச்சர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். வகுப்பின் முதல் மாணவி, இரண்டாம் மாணவன், வினாடி வினாவில் கோப்பை வாங்கிய கண்ணாடிக்காரி, இப்படி ஊரில் உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகள் மொத்தமும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் மாணவி போன தடவை தொண்ணூற்றெட்டு. பத்து சதவீதம் கூட்டினால் இலக்கு நூற்றேழு புள்ளி எட்டு. பாவி மகள் தொண்ணூற்றொன்பதுதான் வாங்கியிருந்தாள். சிவப்பு.

மறுநாளே அவளுடைய அப்பா வந்தார். பல் டாக்டர். நூற்றுக்கு நூற்றேழு எப்படி வாங்குவது என்று மரியாதையாகத்தான் கேட்டார். உயர்ந்த இலக்குதான் பிள்ளைகளை உயர்த்தும் என்றார் பத்து பர்சன்ட். சட்டியே நூறுதான், அகப்பையில் எப்படி நூற்றேழு வரும் என்று கணக்கு டீச்சர் குறுக்கே கேட்டார். கம்ப்யூட்டர் யாருக்கும் பாரபட்சம் காட்டாது என்று பதில் வந்தது. பல் டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகளுக்கு வேறு பள்ளியில் இடம் கிடைக்குமா என்று விசாரிக்கப் போனார்.

டீச்சரும் சும்மா இருக்கவில்லை. கோல்கீப்பரைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்தார். வருகைப் பதிவில் பெயரைத் தட்டினால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. பச்சைப் பிள்ளை ஸ்பெஷல் கிளாஸில் இருந்தால் ஆய்வுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பத்து பர்சன்ட் பதறிப்போனார். வேறு நேரம் பார்க்கலாம் என்றால் காலையில் டீச்சருக்கு வாசல் காவல், மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் காவல், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். விதியை மீறிப் பழக்கமில்லாத மனுஷி அவர். வருஷக்கணக்காகக் கோடு போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டே விரல் வளைந்துபோனவர்.

ஆக, ஒரு பக்கம் கெட்டிக்காரப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் கோல்கீப்பர் மைதானத்தில் தனியாகப் பந்தைச் சுவரில் உதைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் அறைக்குள் கேட்டது. ஒவ்வொரு உதைக்கும் டீச்சருக்கு எரிச்சல் ஏறியது.

கடைசியில் ஒரு நாள் அவளைப் படிக்கட்டுக்குக் கீழே கூப்பிட்டு, வாழ்நாளில் எந்தப் பிள்ளையிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“வர்ற டெஸ்டுல இருபதுக்கு மேல போயிடாதே. தெரிஞ்சாலும் எழுதாதே. சிவப்பாயிட்டேன்னா மறுபடி உள்ள வந்துடலாம்.”

அவள் சரி என்று தலையாட்டினாள்.

டீச்சர் அவள் தேர்வுத்தாளைத் திருத்தினார். கூட்டிப் பார்த்தார், மறுபடி கூட்டினார், கடைசியில் ஒவ்வொரு விடையாக விரல் வைத்துக் கூட்டினார். முப்பத்துநான்கு. பின்னம் வந்த இடமெல்லாம் சரி. ஒரே ஒரு மார்க்கில் பாஸ் போயிருந்தது. டீச்சருக்கு அழுகையும் வந்தது, அவளைப் பிடித்து நாலு சாத்தலாமா என்றும் வந்தது. கூப்பிட்டு மார்க்கைச் சொல்லிக் கேட்டார்.

“வேணும்னு பண்ணல டீச்சர்,” என்றாள் அவள். “விட்டுடணும்னுதான் உக்காந்தேன். ஆனா கணக்கு வந்துடுச்சு. நேரா கைக்கு வர்ற பந்தை எப்படி டீச்சர் விடுறது?”

டீச்சருக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் பெருமையை வைத்துக்கொண்டு ஸ்பெஷல் கிளாஸில் இடம் வாங்க முடியாது. அன்று மாலை எல்லோரும் போன பிறகு மார்க் ஏற்றும்போது, கோல்கீப்பரின் கட்டத்தில் மூன்றைத் தட்டாமல் நாலை மட்டும் தட்டினார். கட்டம் சிவப்பாகிவிட்டது. பிள்ளை சொல்லைக் கேட்கவில்லை என்றால் பெரியவர்கள்தானே பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். மறுநாள் அவளிடம், சுவரில் வேறு மாதிரி இருக்கும், கண்டுகொள்ளாதே என்று மட்டும் சொன்னார்.

அவள் கண்டுகொள்ளவில்லை, மற்றவர்கள் கண்டுகொண்டார்கள். விடைத்தாள்களை ஆய்வு முடியும்வரை பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு, ஆகவே சுவரில் இருப்பதுதான் வேதவாக்கு. இரண்டே நாளில் அவளுக்குக் கோல்கீப்பர் என்ற பெயர் போய் ‘நாலு’ என்ற பெயர் வந்துவிட்டது. மூன்றாம் நாள் அவள் அம்மா, சலவைப் பிரிவு ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து துணைத் தலைமையாசிரியர் அறையில் நின்றாள். கணக்கு டீச்சரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் டீச்சருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“முப்பத்திநாலுன்னு சொன்னா சார். நான் வேலை செய்ற இடம் பூரா சொல்லிட்டேன். இங்க வந்து பார்த்தா நாலுன்னு ஒட்டியிருக்கு. படிப்பு வரலைன்னா பரவாயில்ல, என்கிட்டயே பொய் சொல்லக் கத்துக்கிட்டா. போதும், அனுப்பிடுங்க. நாளைல இருந்து என்கூட வரட்டும்.”

கோல்கீப்பர் மூலையில் நின்றாள். டீச்சர் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் தப்பித்திருப்பாள். வாயைத் திறக்கவில்லை. அதுதான் டீச்சரைக் கொன்றது.

“அவ பொய் சொல்லலம்மா,” என்றார் டீச்சர். “நான்தான் பொய் எழுதினேன். அவ வாங்கினது முப்பத்திநாலுதான்.”

டீச்சர் பீரோவிலிருந்து விடைத்தாளை எடுத்து வந்து மேசை மேல் வைத்தார். ஏன் செய்தார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பத்து பர்சன்டுக்கு முகம் கறுத்தது. தரவில் கை வைப்பது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா என்று ஆரம்பித்தவர், பேசிக்கொண்டே கட்டத்தில் சரியான மார்க்கைத் தட்டினார். கட்டம் பச்சையாகி இரண்டு நட்சத்திரம் முளைத்தது. எழுபத்தொன்பது சதவீத வளர்ச்சி. மனிதருக்குக் கோபம் பாதியிலேயே மறந்துபோனது. ஆய்வுக் குழுவிடம் முதலில் இவளைத்தான் காட்டப்போகிறேன் என்று அம்மாவிடம் பூரிப்போடு சொன்னார்.

“அப்போ அவளை மறுபடி கிளாஸை விட்டு வெளிய அனுப்புவீங்க,” என்றார் டீச்சர்.

விதி அதுதானே என்றார் அவர்.

அப்போதுதான் மூலையிலிருந்து குரல் வந்தது.

“பரவாயில்ல டீச்சர். வெளியவே இருக்கேன். என் முப்பத்திநாலை அங்க ஒட்டச் சொல்லுங்க.”

டீச்சருக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்ணுக்கு இடம் பிடித்துக்கொடுக்கிறேன் பேர்வழி என்று, அவள் முதன்முதலாகச் சம்பாதித்ததைத் திருடிவிட்டோமே என்று நினைத்தபோது நிற்கவே கூசியது. நல்லது செய்கிறோம் என்று கிளம்புகிறவர்களின் கண்ணில் இருக்கும் அந்த வெளிச்சம் தன் கண்ணிலும் இருந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா தாளைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தாள். வருஷக் கடைசிவரை இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

அன்று மாலை கணக்கு டீச்சர் ஸ்பெஷல் கிளாஸுக்கு ஒழுங்காகப் போனார். நூற்றேழு வாங்கும் வித்தை தனக்குத் தெரியாது, தெரிந்தவர் கிடைத்தால் அனுப்பி வைக்கிறேன், அதுவரை சத்தம் போடாமல் பிடித்த கதைப்புத்தகம் படியுங்கள் என்று கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் சொன்னார். அவர்களுக்கு வருஷத்திலேயே அதுதான் சந்தோஷமான நாள். டீச்சர் வெளியே வந்து, மைதானத்துப் படிக்கட்டில் கோல்கீப்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார். தினமும் அப்படியே நடந்தது. முதல் வாரம் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டாம் வாரம் ஆசிரியர்களுக்கான அட்டவணையில் அவர் பெயர் சிவப்பானது. படிக்கட்டில் உட்கார்ந்தவாறே அவர் கடிதத்தின் பின்பக்கத்தில் சமன்பாடு போட்டுக் காட்டினார். அவருக்கு மறுபடி சின்ன வயசு வந்த மாதிரி இருந்தது.

ஆண்டுத் தேர்வு முடிவு வந்த அன்று சுவருக்கு முன்னால் ஒரே நெரிசல். கோல்கீப்பர் முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு முன்னால் போனாள். டீச்சரால் அந்தக் கூட்டத்துக்குள் போக முடியவில்லை, எம்பி எம்பிப் பார்த்தார். கணக்கு, முப்பத்தாறு. பாஸாகிவிட்டாள்.

ஆனால் கட்டம் சிவப்பாக இருந்தது. முப்பத்துநான்கோடு பத்து சதவீதம் கூட்டினால் இலக்கு முப்பத்தேழு புள்ளி நான்கு. பத்து பர்சன்ட் பக்கத்தில் வந்து, நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தாள், கடைசியில் இப்படிப் பண்ணிவிட்டாளே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். லீவில் ஸ்பெஷல் கிளாஸுக்கு இனி அவளைத் தாராளமாகச் சேர்க்கலாம் என்றும் சொன்னார்.

கோல்கீப்பர் டீச்சரின் போனைக் கேட்டு வாங்கிச் சுவரைப் படம் பிடித்தாள். அம்மாவுக்கு அனுப்பிய மறு நிமிஷமே அழைப்பு வந்தது. பின்னால் சலவை மெஷின் ஓடும் இரைச்சலில் அம்மா கத்திப் பேசினாள், பக்கத்தில் நின்ற டீச்சருக்கே கேட்டது.

“என்னடி அது, சிவப்பா இருக்கு?”

“அது சாரோட பிரச்சனைம்மா,” என்றாள் கோல்கீப்பர். “நான் பாஸு.”